கறுப்பு வெள்ளைப் படத்துல கறுப்பே வரமாட்டேங்குதுங்க

வணக்கம்ங்க. கோபி பக்கம் ஒரு நெல் குடோன்ல மாசம் ஒரு பழைய க்ரைம் படம் ஓட்டறோம். மூணு வாரமா நிழலெல்லாம் சாம்பலா வெளுத்துத் தெரியுது.

எல்சிடி புரொஜெக்டர், 1080பி, 3000 லூமன்ஸ், ஆறு வருசப் பழசு. லேம்ப் 2,800 மணி நேரம் ஓடியிருக்கு. 100 அங்குல வெள்ளைத் திரை, சுத்தியும் சுண்ணாம்புச் சுவர்.

'த தேர்ட் மேன்' (1949) படத்துல வாசப்படி இருட்டுல நிக்கறவன் முகத்துல சட்டுனு வெளிச்சம் விழுமே, அந்த இடம் வர்றதுக்கு முன்னாடியே வாசப்படி பூரா பால் ஊத்தின மாதிரி தெரியுது. பிரைட்னஸைக் குறைச்சா கறுப்புக் கோட்டும் கதவும் ஒண்ணாக் கலந்துருது. படத்துக்கு ரெண்டு பக்கமும் வர்ற கறுப்புப் பட்டையும் சாம்பல்தான். வலது கீழ் மூலையில லேசா மஞ்சள் வேற.

எச்டிஎம்ஐ ரேஞ்சை (கேபிள்ல போற கறுப்பு-வெள்ளை அளவு) படம் அனுப்பற பக்கம், புரொஜெக்டர் பக்கம் ரெண்டுலயும் லிமிடெட்னு ஒண்ணா வெச்சாச்சு. டைனமிக்ல இருந்து சினிமா மோடுக்கு மாத்தி, காமாவை (நடு நிழல் எவ்வளவு கறுக்கணும்ங்கற அளவு) 2.4 வெச்சாச்சு. காட்சிக்குத் தக்கபடி வெளிச்சத்தைத் தானாக் கூட்டிக் குறைக்கற ஆட்டோ ஐரிஸ் ஆஃப் (அது ஆன்ல இருந்தா, படத்துல தீக்குச்சி கிழிச்சாலே வெளிச்சம் ஏறி இறங்கி திரை பூரா மூச்சு வாங்குது). ஃபில்டர், லென்ஸ் துடைச்சாச்சு. அதே ஃபைல் டிவியில சுத்தமா ஓடுது. ஒரு ராத்திரி சுவருக்குக் கறுப்புத் துணி கட்டிப் பார்த்தோம். கொஞ்சம் தேவலை, ஆனா மஞ்சள் போகலை.

இது உள்ளே போலரைசர் (எல்சிடி பேனல்கிட்ட வெளிச்சத்தை வடிகட்டற ஃபிலிம்) சூட்டுல கருகினதா இருக்குமாங்க, அதை மட்டும் மாத்தினா கறுப்பு திரும்ப வருமா?