ட்ரைவ் தொடர்பாடல் போர்ட்: மாற்றுவதற்கு முன் பார்த்தவை

குருநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மீனுக்கு ஐஸ் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் கொம்பிரசருக்கும் உப்புநீரைச் சுழற்றும் பம்பிகளுக்கும் உரிய ட்ரைவ்கள் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) யாவும், இரு வயர்களில் தகவல் அனுப்பும் ஆர்.எஸ். 485 போர்ட்கள் (தொடர்பாடலுக்கான சுற்றுப் பலகைகள்) வழியாக, எல்லாவற்றையும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான ஒரே பி.எல்.சி.யுடன் மொட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் இணைக்கப்பட்டுள்ளன. கொம்பிரசர் வேகமெடுக்கும் போதெல்லாம் வரிசையின் கடைசி ட்ரைவ் தொடர்பிழந்து நின்றுவிடும். போர்ட் பழுதென்றே எல்லோரும் முடிவுகட்டி, கொழும்பிலிருந்து புதியதை எடுப்பிக்க ஆயத்தமானார்கள். மின்சாரத்தை நிறுத்தி, ட்ரைவ்களின் உள்ளே தேங்கிய மின்னழுத்தம் இறங்கிய பின்னர், ஏ, பி என்ற இரு வயர்களுக்கும் இடையே மீற்றரை வைத்துப் பார்த்தோம். 40 ஓம் காட்டியது. சமிக்ஞை முனையில் பட்டுத் திரும்பாதிருக்க வைக்கும் 120 ஓம் தடை, முதல் முனையிலும் கடைசி முனையிலும் மட்டும் இருந்தால் ஏறக்குறைய 60 காட்ட வேண்டும். 40 என்றால் மூன்றாவதொன்று எங்கோ சேர்ந்திருக்கிறது. தேடியபோது, நடுவிலிருந்த ட்ரைவின் போர்டில் அந்தத் தடையைச் சேர்க்கும், நகக்கண் அளவேயான சுவிட்ச் ஒன்று ‘ஒன்’ நிலையில் இருந்தது. அதனை அணைத்ததுடன், மோட்டார் வயர்களோடு ஒரே தட்டில் கிடந்த தொடர்பாடல் வயரையும் வேறு வழியாகக் கொண்டுசென்றோம், ட்ரைவின் ஐ.ஜி.பி.ரி.க்கள் (மோட்டாருக்கான மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் மின்னணுச் சுவிட்ச்கள்) வினாடிக்குப் பல ஆயிரம் தடவை திறந்து மூடுவதால் எழும் இரைச்சல் அந்தத் தட்டில்தான் தொற்றிக்கொண்டிருந்தது. பழைய போர்ட் இன்றும் வேலை செய்கிறது.

அச்சுவேலியிலிருந்து:

அண்ணர் எழுதியதற்கு மாறாக, எங்களிடம் போர்ட் உண்மையாகவே எரிந்தது, மாற்றிப் போட்ட புதியதும் எரிந்தது. ஒரே தொடர்பாடல் வயரால் இணைந்த இரண்டு கட்டடங்கள், இரண்டுக்கும் தனித்தனிப் புவித்தொடுப்பு. மெல்லிய மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்லாக இருக்கும் எங்கள் பகுதியில், கோடையில் நிலம் காய்ந்தால் புவித்தொடுப்பின் தடை ஏறிவிடும். ஆர்.எஸ். 485 சமிக்ஞையைப் பெறும் சிப்பின் முனைகள் அதன் சொந்தப் பொதுப்புள்ளியை (சுழிய வோல்ற் புள்ளியை) பொறுத்து −7 முதல் +12 வோல்ற் வரையே தாங்குமென வரையறுக்கப்பட்டவை. இரு கட்டடங்களின் புவித்தொடுப்புகளுக்கிடையே அதற்கு மேல் வேறுபாடு வந்தால் அந்தச் சிறிய சிப்புதான் முதலில் பலியாகும். இரு பக்கங்களையும் மின்னியல் ரீதியாகப் பிரித்துவைத்து, சமிக்ஞையை மட்டும் மறுபக்கம் திரும்ப அனுப்பும் றிப்பீற்றர் ஒன்றை இடையில் பொருத்திய பின்னரே நிம்மதி கிடைத்தது. போர்ட் விற்றவரிடம் காரணம் கேட்டபோது அவர் இன்னொரு போர்டைத்தான் காட்டினார்.

பருத்தித்துறையிலிருந்து:

ஏ, பி என்ற அடையாளங்களை எல்லா உற்பத்தியாளர்களும் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. பதில் வராவிட்டால் இரண்டையும் மாற்றிப் பார்ப்பதால் எதுவும் எரியாது. தகவலில் பிழை உண்டா எனச் சரிபார்க்கும் பரிற்றி அமைப்பு இரு பக்கங்களிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: மொட்பஸ் விதிப்படி அதன் இயல்பு அமைப்பு ‘ஈவன்’, ஆனால் ‘நன்’ என்று அமைத்தே அனுப்பப்படும் ட்ரைவ்கள் பல உண்டு. இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதுவது, தொடர்பு அறுந்தால் ட்ரைவ் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. கடைசி வேகத்திலேயே ஓடும்படி விடப்பட்ட கிணற்றுப் பம்பி, யாரும் கவனியாத இரவில் நன்னீரை இறைத்துத் தீர்த்து, அடியிலுள்ள உவர்நீரை மேலே இழுத்துவிடக்கூடும். ஆகையால் எங்கள் கிணற்று ட்ரைவ்கள் அனைத்திலும் தொடர்பு போனால் நிறுத்து என்றே வைத்திருக்கிறோம். ஐஸ் தொழிற்சாலைக்கு அது பொருந்துமா என்பதைக் குருநகர் அண்ணர்தான் சொல்ல வேண்டும்.