அலமாரியைத் துடைத்த பிறகும் அந்துப்பூச்சி வருகிறது, என்ன செய்யலாம்?

செந்தூல்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடு. ரவையிலும் கேழ்வரகு மாவிலும் நூல் பிடித்துக் கட்டி கட்டியாக இருந்தது. எல்லாவற்றையும் வீசிவிட்டு அலமாரியைத் துடைத்தாயிற்று. இப்போது சீலிங் ஓரத்தில் வெள்ளைப் புழு ஊர்கிறது. 10 கிலோ அரிசி மூட்டை வேறு இருக்கிறது. அதையும் வீசணுமா? பசைப்பொறி வைத்தும் ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பட்டர்வொர்த் அக்கா:
நூல் பிடித்திருந்தால் அந்துதான் தம்பி. வண்டு நூல் விடாது. சீலிங்கில் ஊர்வது தின்று முடித்து, கூடு கட்ட இடம் தேடும் புழு. அதை மட்டும் துடைத்துப் பயனில்லை, தீனி கீழே எங்கோ இருக்கிறது. பிரிக்காத பாக்கெட்டையும் விடாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக்கைப் புழு கடித்துத் துளைத்துவிடும். ஓட்ஸ், கடலை, உலர் திராட்சை, காய்ந்த மிளகாய், பூனைத் தீனி எல்லாம் பாருங்கள். போன தீபாவளி முறுக்கு மாவு மீதி பெரும்பாலும் கடைசித் தட்டின் மூலையில்தான் இருக்கும்!

அடுத்து, தட்டைத் தாங்கும் ஆணிகளுக்காக அலமாரிச் சுவரில் துளைகள் இருக்குமே, அங்கேயும் கீல் இடுக்கிலும் திருகுமூடியின் புரியிலும் கூடு இருக்கும். துணி அங்கே நுழையாது. வேக்கும் கிளீனரின் ஒடுங்கிய வாயை வைத்து உறிஞ்சி, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். வேண்டாத துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள். பூச்சி ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்: மாவுக்குள் இருக்கும் புழுவுக்கு எட்டாது, சாப்பாட்டில்தான் படியும்.

ஜெலுத்தோங் மளிகை:
அரிசியில் நூல் இல்லையென்றால் வீச வேண்டாம். ஒரு கிலோ பொட்டலங்களாகப் பிரித்து, இறுகக் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் ஒரு வாரம் வையுங்கள். முட்டையும் சாகும். மூட்டையோடு வைத்தால் நடுவில் குளிர் இறங்க நாளாகும், அதனால்தான் பலருக்கு இது பலிப்பதில்லை. ஃபிரீசருக்குக் கீழே, சாதாரணத் தட்டில் வைத்தால் வளர்ச்சி தாமதப்படுமே தவிர சாகாது.

வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு உள்ளே நீர் கோத்து அரிசி பூசணம் பிடிக்கும். ஓர் இரவு அப்படியே விட்டு, முழுக்க அறைச்சூட்டுக்கு வந்தபின் ரப்பர் வளையமும் கிளிப்பும் உள்ள டப்பாவில் கொட்டுங்கள். வெறும் திருகுமூடி போதாது, முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிப் புழு புரி வழியாகவே நுழையும். ரவையை வறுத்தால் அப்போதைக்கு எல்லாம் செத்துவிடும். ஆனால் திறந்து வைத்தால் மறுபடி வரும்.

செந்தூல்வாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணே. பிரிஞ்சி இலை, வேப்பிலை? பொறி ஏன் வேலை செய்யவில்லை?

ஜெலுத்தோங் மளிகை:
இலை போடுவதில் தப்பில்லை, ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அது கொல்லாது. பொறிக்கு வருவோம். கடையில் விற்பது பெரும்பாலும் இறக்கையின் பின்பாதி செம்பு நிறமாக இருக்கும் இந்திய மாவு அந்துக்கானது. பெண் பூச்சியின் மணத்தைக் காட்டி ஆணை இழுக்கும். நம் பக்கம் அரிசி அந்தும் அதிகம். இறக்கை முழுக்க மங்கலான சாம்பல் பழுப்பு. அதில் மணம் விட்டுப் பெண்ணை அழைப்பது ஆண். எனவே அந்தப் பொறியை அது சட்டை செய்யாது. பறக்கும்போது ஒன்றைப் பிடித்து இறக்கையைப் பாருங்கள்.

பட்டர்வொர்த் அக்கா:
சரியான பொறியானாலும் இன்னும் பூச்சி இருக்கிறதா என்று காட்டத்தான் அது. நம் வெக்கையில் முட்டை பூச்சியாக ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். அதனால் சுத்தம் செய்தபின் ஒன்றிரண்டு பறந்தால் பதற வேண்டாம். இரண்டு மாதம் வரை வாராவாரம் மூடிகளையும் மூலைகளையும் பாருங்கள். அதுவரை மாவு அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.