அமைதி நாளுக்கு உலகப் பண்பாட்டுக் கண்காட்சி: அட்டைத் தொப்பி, தெர்மோகோல் இல்லாமல் நடத்த முடியுமா?

அம்பை டீச்சர்
வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உதவிபெறும் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். செப்டம்பர் 21 உலக அமைதி நாள், அதை ஒட்டி உலகப் பண்பாட்டுக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று எச்.எம். சொல்லிவிட்டார், பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வகுப்புக்கு ஒரு நாடு என்பது அவர் திட்டம். இதற்கு முன்னால் வேலை பார்த்த பள்ளியிலும் இதே கூத்துதான்: ஜப்பான் என்றால் பவுடர் அப்பிய முகமும் விசிறியும், ஆப்பிரிக்கா என்றால் (அது ஒரு நாடே இல்லை என்பதை விடுங்கள்) முகமெல்லாம் கரி, எல்லா ஸ்டாலிலும் கலர் பிரிண்ட் எடுத்த கொடி, வாசலில் தெர்மோகோல் புறா. பிள்ளைகள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள், சிறப்பு விருந்தினர் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார், அவ்வளவுதான். அதையே மறுபடி செய்ய மனசு வரவில்லை. பெற்றோரிடம் காசு கேட்கவும் முடியாது, பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள், மீதி வயல் வேலை. யாராவது உருப்படியாக நடத்தியிருந்தால் சொல்லுங்கள்.

பாளை வாத்தியார்
டீச்சர், நாடு பிரித்துக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். கொடியும் தலைநகரமும் கூகுளில் கிடக்கின்றன, அதைப் பார்க்க எதற்குக் கண்காட்சி? நம்ம ஊருக்கு வெளியுலகம் எந்த வழியாக வந்தது என்று பிள்ளைகளைத் தேட விடுங்கள்.

சொதியை, அதுதான் நம்ம தேங்காய்ப்பால் குழம்பை, எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிக் கல்யாணத்தில் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் சொதிதான், அதில் நமக்குப் பெருமை வேறு. ஒரு மேசையில் சொதிக்கு வேண்டிய காயை எல்லாம் பரப்பி, கடல் கடந்து வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிடச் சொல்லுங்கள். உருளைக்கிழங்கு போய்விடும், பீன்ஸ் போய்விடும், பச்சை மிளகாயும் போய்விடும், மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகீசியர் இந்தியக் கடலுக்கு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் தலைகாட்டின. தேங்காய்ப்பால், முருங்கைக்காய், இஞ்சி, பாசிப்பருப்பு மட்டும் மேசையில் மிச்சம் இருக்கும். காரத்துக்கு என்ன செய்தார்கள் என்று எந்தப் பிள்ளையாவது கேட்கும், அப்போது மிளகை எடுத்து வையுங்கள். தொட்டுக்கொள்ளும் உருளைக்கிழங்கு சிப்ஸையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், பையன்கள் சண்டைக்கே வந்துவிடுவார்கள். இலங்கைத் தமிழர் வீட்டிலும் சொதி உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அல்வாவும் அப்படித்தான். அரபு நாடுகள், ஈரான், துருக்கி என்று அந்தப் பக்கம் முழுக்க வகைவகையாகக் கிண்டுகிறார்கள், இங்கே பேர் வாங்கித் தந்தது ராஜஸ்தானில் இருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தருகே காயல் என்று துறைமுகம் இருந்தது, 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து இறங்கியது, வாங்கினது நம்ம பாண்டியர்கள். பழங்காலத்து முதுமக்கள் தாழி கிடைத்த ஆதிச்சநல்லூரில் 1876ல் முதலில் தோண்டியவர் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர், எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். அதைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதம் வையுங்கள், காது கிழிய நடக்கும்.

அமைதி நாளைப் பற்றியும் ஒரு வரி: ஐ.நா. 1981லேயே அறிவித்துவிட்டது, அப்போது செப்டம்பர் மூன்றாம் செவ்வாய் என்று இருந்தது, 21 என்று நிலையாக வைத்தது 2001ல்தான். மேடையில் மாற்றிச் சொல்லிவிடப் போகிறார்கள்.

மேலப்பாளையம் உம்மா
சார் சொன்னது நல்ல யோசனை, ஆனால் சமையல் என்றதும் அம்மாக்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். என் மகள் படிக்கும் இடத்தில் போன வருஷம் கொரியா டிரெஸ் வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள், முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில், அதுவும் "கட்டாயம் இல்லை" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு. போடாமல் போன பிள்ளைகளைக் கடைசி வரிசையில் நிறுத்தினார்கள். காசில்லாத வேலையாகப் பாருங்கள்.

பழைய காலண்டர் தாளில் கொக்கு மடிக்கச் சொல்லலாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது சடாகோ சசாகிக்கு ரெண்டு வயசு, 1955ல் ரத்தப் புற்றுநோய் வந்து 12 வயசில் மௌத்தான பிள்ளை. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கையில் கிடைத்த தாளை எல்லாம் கொக்காக மடித்தது. கூடப் படித்த பிள்ளைகள் முன்னால் நின்று நாடு முழுக்கக் காசு சேர்த்ததில் 1958ல் அங்கே நினைவுச்சின்னம் எழும்பியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அந்த வயசுதானே, நாம் பெரிதாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. மறுவாழ்வு முகாமில் இருந்து வரும் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் இருந்தால், இலங்கைச் சண்டையைப் பற்றிப் பேசு என்று மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வீடுகளில் 83ல் ஓடி வந்தவர்களும் இருப்பார்கள், அதற்குப் பின்னால் வந்தவர்களும் இருப்பார்கள். தானாக வந்து சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்குநேரி ரோடு
எல்லாம் சரி. ஜப்பானுக்குக் கொக்கு மடிப்போம், பக்கத்துத் தெருப் பையனோடு உட்கார மாட்டோம், அப்படித்தானே? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டியது மறந்துவிட்டதா? அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கை வந்தது, சாதியைக் காட்டும் கலர் கயிறு பள்ளியில் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் கண்காட்சியில் ஸ்டாலுக்கு ஆள் பிரிக்கும்போது "யாரோடு சேர விருப்பம்" என்று மட்டும் கேட்காதீர்கள், கயிற்றுக் கலர்படி குழு சேரும், பார்க்கிறவனுக்கு என்ன பிரிவு என்றே தெரியாது, நமக்குத் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். சொதி செய்தால் பள்ளியிலேயே ஒரே அண்டாவில் வையுங்கள், வீட்டில் இருந்து கொண்டுவரச் சொன்னால் எந்த டப்பா காலியாகும், எது அப்படியே திரும்பும் என்று எனக்குத் தெரியும்.

அம்பை டீச்சர்
கடைசியாகப் பேசியவர் சொன்னது சுருக்கென்று இருந்தாலும் நியாயம்தான். எங்கள் பள்ளியிலும் கயிறு உண்டு, முழுக்கைச் சட்டைக்குள் ஏற்றிவிட்டுக்கொள்வார்கள். சீட்டுக் குலுக்குவதற்கு எச்.எம்.மிடம் இன்று கேட்டேன், பெற்றோர் யாராவது வந்து நின்றால் என்ன செய்வது என்று இழுத்தார், அப்புறம் ரோல் நம்பர்படி பிரித்துக்கொள்ளுங்கள், குலுக்கல் என்று சொல்ல வேண்டாம் என்றார். அது போதும். சத்துணவு அக்காவும் அண்டா தரச் சம்மதித்துவிட்டார். சொதி மேசை எட்டாம் வகுப்புக்கு, கொக்கு ஆறுக்கு, பெர்லின் விவாதம் ஒன்பதுக்கு. ஏழாம் வகுப்புக்கு இன்னும் ஒன்றும் சிக்கவில்லை.

சேரன்மாதேவி பையன்
ஏழாம் வகுப்பைப் பத்தமடைக்குக் கூட்டிப் போங்க டீச்சர், உங்களுக்குப் பஸ்ஸில் கிட்டத்தானே. ஆற்றங்கரைக் கோரையைக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்துப் பட்டுப்பாய் நெய்வார்கள், கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேரைக்கூட நெய்து கொடுப்பார்கள், கையில் எடுத்தால் துணி மாதிரி மடங்கும். நெய்கிறவர்கள் அனேகமாக முஸ்லிம் குடும்பங்கள், பாய் போவது எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும். தறியைப் பள்ளிக்குத் தூக்கி வரச் சொல்லாதீங்க, அவங்க பிழைப்பு கெடும். பிள்ளைகளைப் பத்துப் பத்துப் பேராக விடுங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், தொழுகைக்குப் போய்விடுவார்கள்.