ஜிம்ப் திறக்கவே நாலைந்து நிமிடம் ஆகிறது, என்ன பார்க்கலாம்?

அல்சூர் டிடிபி

வணக்கம். பெங்களூர் அல்சூரில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பாஸ்போர்ட் போட்டோ எல்லாமே ஜிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில்தான், இன்னும் பழைய 2.8 பதிப்பு. விண்டோஸ் 7, ஐ3, 4 ஜிபி ராம், சாதா ஹார்ட் டிஸ்க். முன்பெல்லாம் ஐகானைத் தட்டிவிட்டு ஒரு வாய் காபி குடிப்பதற்குள் திறந்துவிடும். இப்போது காலையில் தட்டினால் அந்த ஆரம்பப் படம் வந்து நாலைந்து நிமிடம் அசையாமல் நிற்கிறது, கவுன்டரில் ஆள் போனை நீட்டிக்கொண்டு ஆபீசுக்கு நேரமாச்சு சார் என்று அவசரப்படுத்துகிறார். மத்தியானத்துக்கு மேல் மூடித் திறந்தால் இவ்வளவு இழுப்பதில்லை, அதுதான் புரியவில்லை. எஸ்.பி. ரோட்டில் மெஷின் வாங்கிய கடையில் கேட்டால் ராம் 8 ஆக்கு, இல்லையென்றால் புது மெஷின் வாங்கு என்கிறார்கள். ஆவணி முகூர்த்த வேலை வரப்போகிறது. ராமுக்குச் செலவு செய்தால் சரியாகுமா?

கலர்கரெக்‌ஷன்

ப்ரிஃபரன்ஸ், அதாவது நம் அமைப்புகளைச் சேமித்து வைக்கிற ஃபைல், கெட்டுப்போயிருக்கும். திறக்கும்போதே கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள், அழிக்கட்டுமா என்று கேட்கும், சரி கொடுங்கள். எனக்கு அதில்தான் சரியானது. ஷிஃப்ட்டை மட்டும் பிடித்தால் வெளியிலிருந்து போட்ட ப்ளக்-இன், அதாவது கூடுதல் வசதிக்கான இணைப்பு நிரல், எதுவும் ஏறாமல் திறக்கும்.

பழைய பென்டியம்

மேலே சொன்னது போட்டோஷாப்புக்கு. அவர் கேட்பது ஜிம்ப், அதில் அந்த மூன்று விசையும் ஒன்றும் செய்யாது.

அல்சூர் நண்பரே, ராமுக்குப் பணம் எடுக்கும் முன்னால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஆரம்பப் படத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும், யாரும் அதைப் படிப்பதில்லை. ப்ரஷ், பேட்டர்ன், ஃபான்ட், ப்ளக்-இன் என்று என்ன ஏற்றிக்கொண்டிருக்கிறதோ அதை அப்படியே சொல்லும். எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்கள். ராம் பற்றாக்குறை என்றால் பெரிய பேனர் ஃபைலைத் திறந்து நாலு லேயர் போடும்போது திணற வேண்டும், காலி ஜிம்ப் திறப்பதற்கு 4 ஜிபி தாராளம்.

காலையில் மெதுவாகவும் அப்புறம் வேகமாகவும் இருப்பதில் ஒரு பங்கு எல்லா மெஷினிலும் உண்டு. முதல் தடவை எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து படிக்கவேண்டும், அடுத்த தடவை விண்டோஸ் அதில் பாதியை நினைவகத்திலேயே வைத்திருக்கும். ஆனால் நாலைந்து நிமிடம் என்பது அதற்கெல்லாம் மேலே.

அல்சூர் டிடிபி

பார்த்தேன். ஃபான்ட்ஸ் என்று போட்டு, கொஞ்சம் நேரம் ஆகலாம் என்று அடைப்புக்குறிக்குள் அதுவே சொல்கிறது! அங்கேயேதான் நிற்கிறது. ஃபான்ட் என்னிடம் நிறைய இருப்பது உண்மைதான், பாமினி வகை, வானவில் வகை, கன்னடப் பக்கத்துக்கு நுடி, வாடிக்கையாளர் பென்டிரைவில் கொண்டுவந்தது என்று எல்லாம் சேர்ந்துவிட்டது. ஆனால் அவை சாயங்காலமும் அதே ஃபான்ட்கள்தானே?

பத்திரிகை மாடல் 108

டிடிபி கடை என்றாலே இந்தக் கதைதான், சிவாஜிநகரில் நான் பார்த்த ஒவ்வொரு மெஷினிலும் ஒரே தமிழ் எழுத்து ஐந்து பெயரில் கிடக்கும். ஜிம்ப் திறக்கும்போது ஃபான்ட்-கான்ஃபிக் என்று உள்ளே ஒன்று ஒவ்வொரு ஃபான்ட் ஃபைலையும் திறந்து பெயர், வகை, என்னென்ன எழுத்து இருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு சரியாக இருந்தால் அடுத்த தடவை அதைப் பார்த்தே ஓட்டிவிடும், ஃபோல்டரில் புதிதாக ஏதாவது போட்டால் அந்த ஃபோல்டரை மறுபடி துழாவும். தினமும் ஒரு ஃபான்ட் சேர்க்கிற ஆளுக்கு தினமும் இழுக்கும்.

ஃபான்ட்தான் காரணமா என்று உறுதி செய்ய ஒரு வழி: ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் டார்கெட் வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு, நோ, ஒரு சிறு கோடு, ஃபான்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் ஒட்டி அடியுங்கள். ஃபான்ட் எதுவும் ஏற்றாமல் திறக்கும். எழுத்துக் கருவி வேலை செய்யாது, ஆனால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு எழுத்து எதற்கு? அதற்கென்று தனி ஷார்ட்கட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

பழைய பென்டியம்

சாயங்காலமும் அதே ஃபான்ட்கள்தானே என்றீர்களே, அது நல்ல கேள்வி. எடிட் மெனுவில் ப்ரிஃபரன்சஸ், அதில் ஃபோல்டர்ஸ், அதில் ஃபான்ட்ஸ் பாருங்கள். எத்தனை ஃபோல்டர் பட்டியலில் இருக்கிறது? அதில் ஏதாவது வேறு மெஷினில் இருக்கிறதா?

அல்சூர் டிடிபி

மூன்று இருக்கிறது. ஒன்று மாடியில் அண்ணன் மெஷினில் இருக்கும் ஷேர் ஃபோல்டர். இரண்டு பேரும் ஒரே ஃபான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் போட்டுக் கொடுத்தது. அவர் வருவதே பதினொரு மணிக்கு மேல்தான், அதுவரை அந்த மெஷின் ஆஃப்.

பழைய பென்டியம்

அப்படியென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். மெஷின் ஆஃப் ஆக இருந்தால் விண்டோஸ் உடனே இல்லை என்று சொல்லாது, நெட்வொர்க்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் அலுத்த பிறகுதான் கைவிடும். ஜிம்ப் அதுவரை காத்துக்கொண்டு நிற்கும். அண்ணன் வந்து சுவிட்சைப் போட்டதும் உங்கள் ஜிம்ப்புக்கு உயிர் வருகிறது, அவ்வளவுதான். வேண்டிய ஃபான்ட்களை மட்டும் உங்கள் டிஸ்க்குக்கு நகல் எடுத்துக்கொண்டு அந்தப் பாதையைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

2.8-ஐக் கைவிடும் நேரமும் வந்துவிட்டது. அது 2012-இல் வந்தது. 2018-இல் வந்த 2.10.4-இலிருந்து ஃபான்ட் ஏற்றுவதைப் பின்னணியில் செய்துகொண்டு படத்தைத் திறக்க விடுகிறார்கள், எழுத்துக் கருவி மட்டும் கொஞ்சம் காத்திருக்கும். 2.10 விண்டோஸ் 7-இல் ஓடும், 3.0-வுக்கு விண்டோஸ் 10 வேண்டும். ஆனால் முதலில் பாதையை நீக்குங்கள், அப்புறம் புதியதைப் போடுங்கள், ஏனென்றால் 2.10 முதல் தடவை திறக்கும்போது 2.8-இன் அமைப்புகளை எடுத்துக்கொள்ளும், இந்தச் சனியனும் கூடவே வந்துவிடும்.

அல்சூர் டிடிபி

நீக்கிவிட்டேன். அண்ணன் மெஷின் ஆஃப், இங்கே அரை நிமிடத்துக்குள் திறக்கிறது. ராம் செலவு மிச்சம், ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், ஃபான்ட்களையும் பாதியாகக் குறைக்கலாம் என்று பார்க்கிறேன். போன வருடப் பத்திரிகையைத் தேதி மாற்றிக் கொடு என்று ஒருத்தர் வருவார், அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் பழைய ஃபைல் கெட்டுப்போகுமா?

பத்திரிகை மாடல் 108

திறந்தவுடன் கெடாது. ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் ஃபைலில் எழுத்து லேயரின் படமும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது, அதனால் ஃபான்ட் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு அப்படியே தெரியும். எழுத்துக் கருவியால் அந்த லேயரைத் தொட்டுத் திருத்தும்போதுதான் வேறு ஃபான்ட்டில் வரைந்துவிடும், பாமினி மாதிரி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருக்கிற யூனிகோட் அல்லாத எழுத்து என்றால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். ஆகவே எதையும் அழிக்காதீர்கள். தினம் கைவைக்கிற பத்திருபது ஃபான்ட் போக மற்றதையெல்லாம் ஜிம்ப் பட்டியலில் இல்லாத ஒரு ஃபோல்டருக்கு மாற்றி, பத்திரிகை ஃபைலின் பெயரிலேயே ஃபான்ட் பெயரையும் சேர்த்து வையுங்கள். ஆள் வந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அண்ணன் மெஷினிலும் 2.10 போடச் சொல்லுங்கள், அதன் புது வசதிகளை வைத்துச் சேமித்த ஃபைல் 2.8-இல் திறக்காமல் போகலாம்.