ட்ரோன் படங்களுக்கு ஒரே எண் மறுபடி மறுபடி வருகிறது

கேள்வி: கல்யாண வீடுகளுக்கு மேவிக் 2 ப்ரோ ட்ரோன் கொண்டுபோகிறேன். காலைக்கு ஒரு மெமரி கார்டு, மாலை வரவேற்புக்கு இன்னொன்று. இரண்டிலும் எண் 0001-இல்தான் ஆரம்பிக்கிறது. ஒரே ஃபோல்டரில் கொட்டினால் 'பழையதை மாற்றவா?' என்று கணினி கேட்கிறது. அவசரத்தில் ஆமாம் போட்டால் ஊர்வலப் படம் அம்போ! என்ன வழி?

பதில் 1: ட்ரோனை இயக்கும் டிஜேஐ கோ 4 ஆப்பில், கேமரா செட்டிங்கில் ஃபைல் இண்டெக்ஸ் மோட் (படங்களுக்கு எண் போடும் முறை) இருக்கும். 'ரீசெட்' என்றால் புது கார்டு, ஃபார்மட் செய்த கார்டு எல்லாம் 1-இல் தொடங்கும். 'கன்டினியூயஸ்' ஆக்குங்கள், விட்ட எண்ணிலிருந்தே தொடரும்.

பதில் 2: அதை மட்டும் நம்பாதீர்கள் அண்ணே. 0999 தாண்டினால் 101மீடியா என்று அடுத்த ஃபோல்டர் திறந்து மறுபடி 0001. நான் கார்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, எக்ஸிஃப்டூலில் (படத்துக்குள் பதிந்த விவரங்களைப் படிக்கும் மென்பொருள்) எடுத்த தேதி, நேரத்தையே பெயராக்கிவிடுவேன். கூடவே பழைய எண்ணையும் வைப்பேன், ஏனென்றால் பர்ஸ்ட் படங்கள் (ஒரே அழுத்தலில் அடுத்தடுத்து எடுப்பவை) ஒரே நொடியில் விழும். கார்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், ஸ்லாட்டில் சிக்கும், டப்பாவில் எழுதுங்கள்.

பதில் 3: மினி 4 ப்ரோவில் தேதியும் நேரமும் பெயரிலேயே வருகிறது. இந்தத் தலைவலியே இல்லை.

கேட்டவர்: சரி, கன்டினியூயஸ் போட்டாச்சு. எக்ஸிஃப்டூல் கட்டளையைக் கொஞ்சம் போடுங்களேன் தம்பி.