1925 பென்-ஹர் லாபி கார்டு: அசலா, மறுபதிப்பா?

மௌனப்பிரியன்:
ஊமைப்படக் காலத்து சரித்திரப் படங்களின் லாபி கார்டுகளை, அதாவது தியேட்டர் முகப்பில் மாட்டிய சிறு விளம்பர அட்டைகளை, சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒருவர் 1925 பென்-ஹர் படத்தின் சீன் கார்டு ஒன்றை விலைக்குப் போட்டிருக்கிறார், கதாநாயகன் ரமோன் நொவாரோ தேரில் நிற்கும் காட்சி. அளவு 11க்கு 14 அங்குலம், அது சரிதான். ஆனால் நூறு வருஷத் தாள் இவ்வளவு வெள்ளையாக இருக்குமா என்பதுதான் இடிக்கிறது. பணம் அனுப்பும் முன் அவரிடம் என்ன கேட்க வேண்டும்? அப்புறம், என் பட்ஜெட்டுக்கு இந்த மாதிரி பெரிய படங்களைத் துரத்துவது சரியா?

பழையதாள்:
முதலில் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கார்டுகள் ஒரு தியேட்டரில் மாட்டிவிட்டு அடுத்த தியேட்டருக்குப் போகும், அதனால் மூலையில் பின் குத்திய ஓட்டை, டேப் ஒட்டிய கறை, பழுப்பேறிய ஓரம் என்று ஏதாவது இருக்கும். எதுவுமே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்து ஒரு படம். தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது, ஆகவே நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அது 1925 தாள் இல்லை. ஒளிராவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அந்த ரசாயனம் சேராத தாளில் இன்றும் அச்சிடலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் இங்க்ஜெட் பிரிண்டரின் வண்ணப் புள்ளிகள் தெரிந்துவிடும்.

ரீல்பெட்டி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தைத் தயாரித்த எம்ஜிஎம் கம்பெனி 1931இல் பென்-ஹரை இசையும் ஒலியும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. கார்டில் ஒலி பற்றி ஒரு வரி இருந்தால் அது அந்த வெளியீட்டுடையது. போலி இல்லை, ஆனால் 1925 கார்டுக்கான விலை கொடுக்காதீர்கள்.

நைட்ரேட்:
உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: தொலைந்துபோன படங்கள் பக்கம் வாருங்கள். அமெரிக்க ஊமைப் படங்களில் முழுநீளப் படங்களாக வெளியானவற்றில் சுமார் 14 சதவீதம்தான் அசல் வடிவில் மிஞ்சியிருக்கிறது என்று அங்குள்ள காங்கிரஸ் நூலகம் 2013இல் கணக்கெடுத்துச் சொன்னது. 1917இல் வந்த, நடிகை தீடா பாராவின் கிளியோபாட்ராவில் கிடைத்திருப்பது சிறு துண்டுகள்தான். நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெரியில் 1937இல் அந்தப் படத்தை எடுத்த ஃபாக்ஸின் கிடங்கு எரிந்தபோது அந்தக் கம்பெனியின் பழைய படங்கள் ஏராளமாகப் போய்விட்டன. அப்படிப்பட்ட படத்தில் செட் எப்படி இருந்தது, ராணி என்ன உடுத்தியிருந்தாள் என்று தெரிந்துகொள்ள ஸ்டில்களையும் கார்டுகளையும் விட்டால் வேறு வழி கிடையாது. தீடா பாரா கார்டு நம்மால் வாங்க முடியாது, விடுங்கள். ஆனால் பெயர் தெரியாத நடிகர்கள் நடித்த, படமே இல்லாமல் போன ஒரு சரித்திரக் கதையின் கார்டு, மூலை கிழிந்திருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். வாங்கியதும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து பொதுவில் போடுங்கள், ஆய்வு செய்பவர்களுக்கு உதவும்.

மௌனப்பிரியன்:
ரொம்ப நன்றி. விற்பவரிடம் கேட்டுப் பார்த்தேன், கார்டை ஃபிரேமிலிருந்து கழற்ற முடியாது என்கிறார்.

பழையதாள்:
அப்படியானால் வேண்டாம், விட்டுவிடுங்கள். வேறு எது வாங்கினாலும் லேமினேட் செய்யாதீர்கள், பிவிசி பிளாஸ்டிக் உறையும் கூடாது. மைலார் (பாலியெஸ்டர்) உறையில் போட்டு, பின்னால் அமிலமில்லாத அட்டை வைத்து, வெயில் படாத இடத்தில் படுக்கையாக வையுங்கள்.