ஓஜா போர்டு பயம்: பெற்றோர் கூட்டத்துக்கான செய்முறையில் உதவி தேவை

வணக்கம். சர்ச்சில் பெற்றோருக்காக ஒரு மணி நேர வகுப்பு தயாராகிறது. ஓஜா போர்டு 1891-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற விளையாட்டுப் பலகை; விரல் வைத்த காட்டி எழுத்துகள் மேல் நகர்வதால், ஆவி பதில் சொல்கிறது என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனாலும் ஆவிகளிடம் கேட்பதைத் தடுக்கும் பைபிள் வசனம் உபாகமம் 18:10-11 படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் உண்மையானது, அதைக் கேலி செய்யக் கூடாது. அதனால் ஆவியைக் கேட்கும் பேச்சே இல்லாமல், கை தானாக அசைவதை மட்டும் காட்ட வேண்டும்.

30 செ.மீ. தையல் நூலில் ஒரு இரும்பு நட்டு. தாளில் 10 செ.மீ. அளவில் கூட்டல் குறி. முழங்கையை எங்கும் ஊன்றாமல் நூலைப் பிடித்து, அதில் ஒரு கோட்டை மட்டும் பார்த்து, நட்டு அதன்மேல் ஆடுவதாக நினைக்கச் சொன்னால், கொஞ்ச நேரத்தில் பலருக்கு நட்டு அந்தத் திசையிலேயே ஆடத் தொடங்கும். ஒரு முறை போய்த் திரும்பச் சுமார் 1.1 விநாடி. விரலின் கண்ணுக்குத் தெரியாத அசைவு, ஊஞ்சலைத் தள்ளுவது போல ஒவ்வொரு ஆட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது. கண்ணைக் கட்டிவிட்டு, சத்தமில்லாமல் தாளைச் சுழற்றி வைத்தால், நட்டு தாளோடு சேர்ந்து திசை மாறாது; ஆடினால் பழைய திசையிலேயே ஆடும். இதுதான் முக்கியமான இடம்: நட்டு தாளைப் பின்பற்றவில்லை, பிடித்திருப்பவரின் நினைப்பைப் பின்பற்றுகிறது. விஞ்ஞானி ஃபாரடே 1853-ல், பலர் கை வைத்த மேசை ஆவியால் நகர்கிறது என்று நம்பிய கூட்டங்களைச் சோதித்தபோதும் தள்ளியது கைகளே என்று கண்டார்.

நூல் குட்டையானாலோ முழங்கை மேசையில் பட்டாலோ ஆட்டம் குறையலாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: 40 பேருக்கு ஒரே நேரத்தில் எப்படிக் காட்டுவது? "சோதிப்பதே பாவம்" என்று எழுந்து போகிறவரிடம் மரியாதையாக என்ன சொல்லலாம்? எட்டு வயதுப் பிள்ளைகளை உள்ளே விடலாமா?